கருத்துக்கணிப்பில் ஓர் அலறல்

“ஐயோ... கொல்றாரு... யாராவது வாங்களேன்!”

ஹெட்போனுக்குள் அலறல் வெடித்தது!

கல்லூரி மாணவி நிமிர்ந்தாள். வேட்பாளரின் தேர்தல் ஆய்வு அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவள். காலையிலிருந்து வாக்காளர்களுக்கு போன் போட்டு, அதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியிருந்தது. காது கொதித்து, மூளை மரத்துப்போன பிற்பகல்...

தூக்கம் பறந்தது.

“சார்... என்ன சத்தம்?”

“டி.வி.ம்மா.” மறுமுனையில் ஆண் குரல் மூச்சு வாங்கியது. “நீ கேளு.”

ம்யூட் பட்டனை அழுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரின் சட்டையை இழுத்தாள்.

“சார், அந்த வீட்ல ஒரு பொம்பளையைப் போட்டு அடிக்கிறாங்க! போலீஸுக்குச் சொல்லுங்க!”

திரையிலிருந்த முகவரியைப் பார்த்த அவர் முகம் வெளுத்தது.

“நான் சொல்லிடறேன். நீ அவனைப் பேச்சுல பிடிச்சு வை!”

செல்போனோடு வெளியே ஓடினார்.

பிடித்து வைத்தாள். ரோடு எப்படி... தண்ணி வருதா... கேள்விகள் தீர்ந்துபோயின. சொந்தச் சரக்கை எடுத்து விட்டாள்.

“உங்களுக்கு ரொம்பக் கோபம் வர்ற விஷயம் எது சார்?”

“என் பொண்டாட்டிதான். கோர்ட்டுக்குப் போறாளாம்... பெட்டியைத் தூக்கிட்டா. கதவைப் பூட்டிட்டேன்.” சலிப்பாய்ச் சிரித்தான். “என்கிட்ட கருத்து கேட்ட முதல் ஆளு நீதாம்மா.”

‘சீக்கிரம் வந்து தொலைங்கய்யா...’

மறுமுனையில் அழைப்பு மணி!

கதவு திறந்தது. பெண்ணின் விசும்பலில் நிம்மதி.

“அண்ணா! வந்துட்டியா! என்னைக் கூட்டிட்டுப் போயிடுண்ணா...”

“வாயை மூடு!”

மாணவி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் குரல்... தெருத்தெருவாய் ஒலிபெருக்கியில் ‘என் தாய்க்குலமே’ என்று உருகும் குரல்...

அவர்களுடைய வேட்பாளர்!

“தேர்தல் முடியற வரைக்கும் அடியோ உதையோ, வாங்கிட்டுக் கிட! மாப்பிள்ளை, போனை இப்படிக் குடுங்க. லைன்ல இருக்கறது நம்ம ஆபீஸ் பொண்ணு.”

அப்படியானால்... மேற்பார்வையாளர் கூப்பிட்டது போலீஸை அல்ல!

திரும்பினாள். வாசலில் அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

“ஒரு நிமிஷம் தலைவரே...”

கான்பரன்ஸ் பட்டனை அழுத்தி, காவல்துறையின் அவசர எண்ணைத் தட்டி இணைப்பில் சேர்த்தாள்.

“உனக்கு என்னம்மா வேணும்?” வேட்பாளர் குழைந்தார். “சர்டிபிகேட்டா? நிரந்தர வேலையா?”

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. திரையிலிருந்த முகவரியை நிதானமாய் வாய்விட்டுப் படித்தாள்.

“இந்த வீட்லதானே உங்க தங்கச்சியைப் பூட்டி வச்சிருக்கீங்க?”

“ஆமா... அது குடும்ப விஷயம். நீ மறந்துடு.”

“அந்தப் பொண்ணு மறக்கலாம்... நாங்க மறந்தா சம்பளம் வராதே!”

மூன்றாவதாக ஒரு குரல்... கொட்டாவியோடு!

“போலீஸ் கன்ட்ரோல் ரூம் பேசறேன் தலைவரே. வண்டி கிளம்பிடுச்சு. கதவைத் திறந்து வைங்க.”

மறுமுனையில் போன் தரையில் விழும் சத்தம்!

கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. தங்கை உதடு கிழிந்து... ஆனால் உயிரோடு வெளியே வந்துவிட்டாள். அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரே ஜீப்பில்!

மேற்பார்வையாளர் நாற்காலியில் சரிந்தார்.

“குடியைக் கெடுத்தியே! தலைவரோட செல்வாக்கு பத்தி இன்னிக்கு அறிக்கை குடுக்கணுமே... என்னத்த எழுதறது?”

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“‘கூடப் பிறந்த தங்கச்சியே ஓட்டுப் போட மாட்டா’ன்னு எழுதுங்க சார்... கணிப்பு தப்பாப் போக வாய்ப்பு, பூஜ்யம் சதவீதம்!”