கடையிலேயே அசிங்கமான கண்ணாடி

நௌயாவுக்குப் பதினொரு வயது. ஆனால் அவளுடைய அம்மா அவளை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவின் தம்பி ஜூசிப்பியும் அப்படித்தான். ஆறடி உயரமும் கரடித் தோளும் கொண்ட அந்த மனிதன் குனிந்து, "அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பான்.

"சரி மகனே" என்று அவளும் தள்ளி உட்காருவாள்.

வடதுருவப் பனிநாட்டில் வாழும் இனூயிட் மக்களின் வீடுகளில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. இறந்தவரின் பெயரை எந்தக் குழந்தைக்கு வைக்கிறார்களோ, அவருடைய உறவும் மரியாதையும் அந்தக் குழந்தைக்கு வந்துவிடும். பெரிய நௌயா, அதாவது அம்மாவின் அப்பா, கடல்பனியின்மேல் நாற்பது வருடம் ஊருக்கு வழி நடத்தியவர். பனி வெளிச்சத்தில் கண் போய், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவரும் நிலையில் அவர் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து நடந்ததற்கு அது போதும்.

அதனால் மிட்டாய் கேட்கவோ, பாத்திரம் கழுவாமல் தப்பிக்கவோ அந்தப் பெயரைக் காட்டி யாரையும் மிரட்டுவதில்லை என்று நௌயா தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தாள். கடினமான விதிதான்.

மே மாதம் வந்தது. சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது. உறைந்த விரிகுடாவைக் கடந்து, ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும் நேரம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, முன்வண்டி ஓட்டும் பொறுப்பை ஊர் மறுபடியும் அந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தது. ஜூசிப்பி முன்னால் போவான். ஏழு பனிவண்டிகள் அவன் தடத்திலேயே பின்னால் வரும்.

"கறுப்புக் கண்ணாடி வாங்கணும்" என்றாள் அம்மா. "நீங்களே போய்ப் பாருங்கப்பா. இவன் போனா கண்ணாடியப் பாக்க மாட்டான். கண்ணாடியில தன்னோட மூஞ்சியத்தான் பாப்பான்."

அப்படியேதான் நடந்தது. கூட்டுறவுக் கடைக்குள் நுழைந்ததும் ஜூசிப்பி தங்க நிற உலோகச் சட்டம் போட்ட, பளபளக்கும் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு தாடையைத் தூக்கினான்.

"எப்படிப்பா இருக்கேன்?"

"குளிர்ல அந்த இரும்பு மூக்கோட ஒட்டிக்கும் மகனே. பிடுங்கினா தோலும் சேந்து வரும்."

"என் மூக்கு நாய்த்தோல் மாதிரி. ஒண்ணும் ஆகாது."

நௌயா அலமாரிப் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்தாள். போட்டாள். கோட்டின் முக்காட்டை இழுத்து மூடினாள். தலையை நாய்போல் உதறினாள். பாதி கண்ணாடிகள் அங்கேயே கழன்று விழுந்தன.

பிறகு விழாத ஒன்றைப் போட்டுக்கொண்டு, தரையில் மல்லாந்து படுத்து, விளக்கைப் பார்த்தாள்.

கடைக்காரர் லீவாய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தூக்கம் வருதா?"

"பனியில வெளிச்சம் மேலேருந்து மட்டுமா வருது? கீழேருந்தும் வருது, பக்கத்துலேருந்தும் வருது. கண்ணாடிக்கும் மூஞ்சிக்கும் நடுவுல சந்து இருக்கான்னு பாக்கறேன்."

"அப்ப இத எடு. கடையிலயே இதுதான் ரொம்பக் கறுப்பு."

"புற ஊதாக் கதிரத் தடுக்கும்னு இதுல போடலையே. வெறும் கறுப்பா இருந்தா ஆபத்து. இருட்டுன்னு நினைச்சு கண்மணி பெரிசாத் திறந்துக்கும். கெட்ட கதிர் எல்லாம் நேரா உள்ள போயிடும். பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் சொன்னாங்க."

லீவாய் அந்தக் கண்ணாடியை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் எழுத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டார்.

கடைசியில் நௌயா எடுத்தது பழுப்பும் மஞ்சளும் கலந்த வில்லைகள் கொண்ட ஒரு தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி. இரண்டு பக்கமும் ரப்பர் மடல். பின்னால் கயிறு. மேக மூட்டத்திலும் பள்ளம் மேடு தெரியும் என்று அதன் அட்டையில் எழுதியிருந்தது. பெரியவர்கள் அளவு மட்டுமே இருந்தது.

ஜூசிப்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்பா! தவளை மாதிரி இருக்கீங்க! மீனெல்லாம் பயந்து கடலுக்கே ஓடிப்போயிடும்!"

"இதே மாதிரி உனக்கும் ஒண்ணு வாங்கு."

"முன்வண்டி ஓட்டறவன் தவளையா போகணுமா? ஊரே பாக்குமே!"

அந்தக் கண்ணாடி கடையில் ஒன்றுதான் இருந்தது. அதனால் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை கிளம்பியபோது வெயில் கண்ணைக் குத்தியது. ஜூசிப்பியின் தங்கக் கண்ணாடி ஜொலித்தது. அவன் இழுத்த சறுக்கு வண்டியில், மூட்டைகளுக்கு நடுவில் அம்மாவும் நௌயாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் மேகம் மூடியது. வானமும் வெள்ளை, பனியும் வெள்ளை. இரண்டும் எங்கே சேர்கின்றன என்றே தெரியவில்லை. நிழல் ஒன்றுகூட இல்லை. பனிவண்டி ஒரு மேட்டில் தடாலென்று ஏறிக் குதித்தது. இன்னொன்றில் கவிழப் பார்த்தது.

ஜூசிப்பி கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"மகனே, கண்ணாடி!" என்று நௌயா கத்தினாள். வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

தேநீருக்கு நிறுத்தியதும் அவனிடம் ஓடினாள்.

"எதுக்குக் கழட்டின?"

"அதப் போட்டா ஒண்ணுமே தெரியலப்பா. எல்லாம் ஒரே இருட்டு. வெயில்தான் இல்லையே, விடுங்க."

"வெயில் தெரியலன்னாலும் வெளிச்சம் இருக்கே! மேகம் இருக்குன்னு கண்ணாடியக் கழட்டினவங்களுக்குத்தான் பனிக்குருடு அதிகமா வருதுன்னு நீதானே எனக்குச் சொன்ன?"

"அது மத்தவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே ஜூசிப்பி தேநீரை ஊற்றினான். பாதி கோப்பைக்குள்ளும் பாதி கையுறையிலும் விழுந்தது.

நௌயா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணோரம் சிவந்து, நீர் வடிந்தது.

பனிக்குருடு உடனே வராது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலைக் கொட்டித் தேய்த்ததுபோல எரியும். பிறகு இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாது. முன்னால் இன்னும் பாதி விரிகுடா கிடந்தது. பின்னால் ஏழு வண்டிகள்.

அவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். கண்களை இறுக்கிக்கொண்டு அதை நீட்டினாள். "இதப் போட்டுக்கோ. இதுல மேடு பள்ளம் தெரியுது."

"உங்க கண்ணு என்ன ஆகறது? ஒரு குழந்தையோட கண்ணாடியப் பிடுங்கிப் போட்டுக்கிட்டான்னு ஊர் பேசணுமா? வேண்டாம்பா."

"என் கண்ணுக்கு நான் வழி பண்ணிக்கறேன்."

தேயிலை வந்த அட்டைப்பெட்டி காலியாகியிருந்தது. நௌயா அம்மாவின் கத்தியை வாங்கி, பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டினாள். கண்ணுக்கு நேராக, கத்தி முனை அகலத்தில், இரண்டு மெல்லிய கோடுகள் கீறினாள். மூக்குக்கு ஒரு வளைவு. ஓரங்களில் துளையிட்டு, மீன் நூலைக் கோத்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெளிச்சம் இரண்டு கோடுகள் வழியாக மட்டுமே உள்ளே வந்தது. அது அவளுக்குப் போதும்.

நெற்றியில் தேயிலைப் படம் தலைகீழாக இருந்தது. அடுத்த வண்டியிலிருந்த பையன்கள் உருண்டு சிரித்தார்கள்.

"தேநீர்ப் பாட்டி வர்றாங்க டோய்!"

நௌயா திரும்பிப் பார்க்கவில்லை. ஜூசிப்பியின் முன்னால் போய் நின்றாள். இதுவரை ஒருமுறைகூட அவள் இப்படிப் பேசியதில்லை.

"ஜூசிப்பி. மிட்டாய் வேணும்னு நான் உங்கிட்ட இந்தப் பேரச் சொல்லிக் கேட்டிருக்கேனா?"

"இல்லப்பா."

"எதுக்காவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பக் கேக்கறேன். உங்கப்பா சொல்றேன். போட்டுக்கோ."

ஜூசிப்பி நீர் வடியும் கண்களால் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய மனிதன் பனியில் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தான். நௌயா கண்ணாடியை மாட்டி, கயிற்றை இறுக்கினாள்.

பையன்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"எப்படி இருக்கேன்?" என்றான் ஜூசிப்பி.

"தவளை மாதிரி" என்றாள் அம்மா.

மறுபடி கிளம்பினார்கள். இப்போது வண்டி குதிக்கவில்லை. ஜூசிப்பி மேடுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். அரை மணி நேரம் போயிருக்கும். திடீரென்று கையை உயர்த்தி, வண்டியைத் திருப்பி நிறுத்தினான். பின்னால் ஏழு வண்டிகளும் வரிசையாக நின்றன.

முன்னால் வெறும் வெள்ளைதான். நௌயாவுக்கு எதுவும் தெரியவில்லை. ஜூசிப்பி இறங்கி, நீண்ட கம்பால் தட்டிக்கொண்டே போனான். பத்தாவது அடியில், காற்று கொண்டுவந்து பரப்பியிருந்த மெல்லிய பனி பொத்தென்று உடைந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் பளபளத்தது. ஒரு சறுக்கு வண்டியை அப்படியே விழுங்கக்கூடிய விரிசல்.



பின்னால் வந்தவர்களில் ஒருவரான கடைக்காரர் லீவாய் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "இந்த வெளிச்சத்துல இத எப்படிடா கண்டுபிடிச்ச?"

"ஒரு கோடு மாதிரி லேசா நிழல் தெரிஞ்சது. இந்தக் கண்ணாடி இல்லேன்னா நேரா உள்ளதான் போயிருப்போம்" என்றான் ஜூசிப்பி. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்: "எங்கப்பா பாத்து எடுத்தது."

விரிசல் குறுகிய இடம் தேடிச் சுற்றிக் கடந்து, ஏரிக்குப் போய்க் கூடாரம் அடித்தார்கள். ஜூசிப்பியின் கண்கள் எரிந்தன. நனைத்த துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அவன் கண் மதியமே கெட்டுப்போயிருக்குமோ? காலையில் திறக்குமா? யாராலும் சொல்ல முடியவில்லை.

காலையில் நௌயாதான் முதலில் எழுந்தாள். அட்டைக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, மீன் பிடிக்க ஏரிப்பனியில் போட்டிருந்த துளைக்குப் போனாள். திரும்பி வந்து, ஜூசிப்பியின் அருகில் அமர்ந்து, துணியை மெதுவாக எடுத்தாள்.

"மகனே, கண்ணத் திற."

இமைகள் வீங்கியிருந்தன. ஒன்று அசைந்தது. மற்றொன்றும் அசைந்தது. சிவந்த இரண்டு கண்கள் சிமிட்டிச் சிமிட்டித் திறந்தன.

அவள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையை உயர்த்தினாள். "எத்தனை விரல்?"

"மூணு" என்றான் ஜூசிப்பி. "அப்புறம், முதுகுக்குப் பின்னாடி ஒரு மீன் வாலாட்டுது. அத எப்ப சமைக்கப் போறீங்கப்பா?"