கமலாம்பிகை குடித்த சிவப்புச் சோடா

1991 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. மாலை 6.25.

கமலாம்பிகை அம்மா விழும்போதும் ஒழுங்காகத்தான் விழுந்தார். கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "பிள்ளை, மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு" என்று மகள் சந்திரவதனாவிடம் சொன்னார். பிறகுதான் சரிந்தார். அதற்குள் உதடு இரண்டு மடங்காக வீங்கிவிட்டது. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு.

லூயிஷாமில், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிற இந்த அம்மாவுக்கு கிளார்க்கன்வெல்லில் ஒரு இத்தாலிய பாரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சந்திரவதனா, உள்ளூர் கவுன்சில் நடத்தும் மாலை வகுப்பில் இத்தாலிய மொழி படித்தாள். பாடம் முடிந்ததற்கு ஒரு கொண்டாட்டம் வேண்டாமா? ஆசிரியை பியோரெல்லா, மாணவர் எட்டுப் பேரையும் பழைய இத்தாலியத் தெருக்கள் வழியே நடத்திக் கூட்டிப்போனாள். அவளுடைய மிலான் நகரத்தில் வேலை முடிந்த சனம் நேரே வீட்டுக்குப் போகாதாம். சாப்பாட்டுக்கு முன் கசப்பான பானம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒலிவ் காய் கொறித்து, நின்றபடியே ஊர்க்கதை பேசுமாம். அதற்குப் பெயர் அப்பெரித்தீவோ. பசியைக் கிளப்பத்தானாம். எங்கள் ஆட்களுக்குப் பசி ஒருவரும் கிளப்பாமலே வரும். அது வேறு கதை.

"குடிக்கிற இடத்துக்குக் குமர்ப்பிள்ளையைத் தனிய விடுறதோ?" என்று அம்மாவும் கூடவே கிளம்பிவிட்டார். முதல் பாரில் எல்லோருக்கும் மதுவில்லாத சிவப்புச் சோடா. "இதிலை சாராயம் இல்லையோ?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் அம்மா வாங்கினார். ஊற்றிக் கொடுத்தவன் அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பையன் றெஜினோல்ட்.

ஆறு மாதத்துக்கு முன் அவன் சந்திரவதனாவைப் பெண் கேட்டு வந்திருந்தான். வந்த வேகத்திலேயே திரும்பிப் போனான்.

மாலை 7.50.

பொலிஸ் நிலையத்துக்குள் சிவகௌரி நுழைந்தபோது, இன்ஸ்பெக்டர் ஹொலிஸ் முதலில் பார்த்தது அவள் விரல்களை. நகக்கண்ணெல்லாம் ரோஸ் நிறம்.

"என்ன காயமா?"

"வேலை" என்றாள் சிவகௌரி. "பிஸ்கட் பக்டரியில் ஐசிங்குக்கு நிறம் கலக்கிறேன். மூன்று நாளைக்கு இது கழுவிப் போகாது."

பகலில் மோர்டனுக்குப் பக்கத்துப் பக்டரி; கூப்பிட்டால் பொலிஸுக்கு மொழிபெயர்ப்பு. நாற்பத்தெட்டு வயது. யாராவது பொய் சொன்னால் மொழிபெயர்க்கும்போதே அவள் மூக்கு சுருங்கும். அதனாலேயே ஹொலிஸ் அவளை விரும்பிக் கூப்பிடுவார்.

நஞ்சு கொடுத்தான் என்ற சந்தேகத்தில் றெஜினோல்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். விசாரணை தொடங்கியது. ஹொலிஸ் கேட்க, சிவகௌரி தமிழாக்க, றெஜினோல்ட் குனிந்த தலையோடு பதில் சொன்னான்.

"அந்த அம்மாவை முன்பே தெரியுமா?"

"ஓம். அவவின்ர மகளைக் கலியாணம் கட்டக் கேட்டனான்."

"என்ன சொன்னார்?"

"தங்கட வீட்டு அடுப்பிலை மீன் மணக்காதாம். மீன் தின்னுற குடும்பத்துக்குப் பிள்ளையைக் குடுக்கேலாதாம். போட்ட தேத்தண்ணியையும் நான் குடிக்க முந்தி எடுத்துக்கொண்டு போயிற்றா."

"நீ என்ன சொன்னாய்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"கேட்கிறேன்."

"கோவத்திலை சொன்னனான். 'ஒருநாளைக்கு நீங்களும் என்ர கையாலை வாங்கிக் குடிப்பியள்' எண்டு."

சிவகௌரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் பையன் தொலைந்தான். ஆனால் மாற்றிச் சொல்வது அவள் வேலையில்லை. சொன்னாள். ஹொலிஸ் எழுதிக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டார்.

"மற்றவர்களுக்கு பார் கிளாஸ். அவருக்கு மட்டும் உன் பையிலிருந்து தனிக் கிளாஸ். ஏன்?"

"சாராயம் பட்ட கிளாசிலை அவ வாய் வைக்க மாட்டா. சந்திரா சொன்னவ, அம்மாவும் வாறா எண்டு. அதுதான் புதுசா ஒண்டு வாங்கி, வீட்டிலை கழுவி, துணியிலை சுத்திக் கொண்டு வந்தனான்."

"விளிம்பில் எதையோ தேய்த்தாய். பார் முதலாளி பார்த்திருக்கிறார்."

"தோடம்பழத் தோல், ஒறேஞ்சின்ர தோல்தான். மரியாதையான ஆக்களுக்கு அப்பிடித்தான் செய்யிறது."

"போதும்" என்று ஹொலிஸ் எழுந்தார்.

றெஜினோல்ட் சிவகௌரியைப் பார்த்தான். "அக்கா, அடுத்த மாசம் எனக்கு அசைலம் இன்ரவியூ, அகதியா ஏற்கிறாங்களோ எண்டு. இது கேஸாப் போனா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கை என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், இன்னும் விடேல்லை." மேசையில் இரு கையையும் விரித்து வைத்தான். "நான் அவவுக்கு ஒண்டும் செய்யேல்லை அக்கா."

அவள் மூக்கு சுருங்கவில்லை.

இரவாகாத 8.20. வெளியே இன்னும் நல்ல கோடை வெயில்.

பக்கத்து அறை மேசையில் நான்கு பொருள்கள் இருந்தன. பொலித்தீன் பைக்குள் பெரிய சோடாப் போத்தல். இன்னொரு பைக்குள் அந்தத் தனிக் கிளாஸ். பியோரெல்லா 6.15க்கு உடனடிக் கமெராவில் எடுத்த, அப்போதே வெளிவரும் படம். கமலாம்பிகை அம்மாவின் கைப்பை.

ஹொலிஸ் விரல்விட்டுச் சொன்னார். "பத்துப் பேர் குடித்தார்கள். ஒரே போத்தல். ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. ஆகவே கோளாறு போத்தலில் இல்லை, கிளாஸில். முதலில் வீங்கியது உதடு. ஆகவே விளிம்பில் தடவியிருக்கிறான்."

"டாக்டர் என்ன சொல்கிறார்?"

"ஊசி போட்டதும் மூச்சு வந்துவிட்டதாம். ஒவ்வாமையாகவும் இருக்கலாம் என்கிறார். ஆனால் எதற்கு? விரதமென்று அந்த அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒவ்வாமை எதுவும் கிடையாது என்று மகளே படிவத்தில் எழுதியிருக்கிறாள். கிளாஸில் துடைத்தெடுத்த மாதிரியின் ஆய்வுகூட முடிவு வரப் பத்து நாளாகும். நான் நாளைக் காலையில் குற்றம் சாட்டியாக வேண்டும்."

சிவகௌரி படத்தை எடுத்துப் பார்த்தாள். வகுப்பே கிளாஸைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் கமலாம்பிகை அம்மா, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி, கிளாஸை முகத்துக்கு மேல் பிடித்திருந்தார்.

"மிகவும் சந்தோஷமாக இருந்திருக்கிறார், பாவம்" என்றார் ஹொலிஸ்.

சிவகௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, சேர்! அவர் சிரிக்கவில்லை. குடிக்கிறார்!"

"எப்படி?"

ஓரத்தில் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்து, அண்ணாந்து, நாலு அங்குலம் மேலிருந்து கடகடவென்று ஊற்றி விழுங்கிக் காட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஹொலிஸின் கண் பிதுங்கியது.

"வெளியிடத்தில் எச்சில் படக்கூடாதென்று பழைய ஆட்கள் இப்படித்தான் குடிப்பார்கள். விளிம்பில் நாகபாம்பின் நஞ்சைத் தடவியிருந்தாலும் அவர் உதட்டில் பட்டிராது."

ஹொலிஸ் கதிரையில் உட்கார்ந்தார். "அப்படியானால் சோடாவுக்குள் கலந்திருப்பான்."

"எப்போது? முதலாளி பக்கத்திலேயே நின்று பார்த்தாரே. ஊற்றினான், தோலைத் தேய்த்தான், கொடுத்தான். வேறொன்றும் செய்ததாக அவர் சொல்லவில்லை. மகளை ஒருக்கால் கூப்பிடுங்கள்."

8.35. சந்திரவதனா அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"தங்கச்சி, அம்மாவுக்கு முந்தி எப்பவாவது இப்பிடி உதடு வீங்கினதோ?"

"இல்லை அக்கா... இல்லை, ஒருக்கா. ஈஸ்டர் லீவிலை மச்சாளின்ர கலியாணத்துக்கு நான்தான் வற்புறுத்தி லிப்ஸ்டிக் பூசிவிட்டனான். உதடு உழுந்துவடை மாதிரி வந்திட்டுது. அம்மா கண்ணூறு எண்டு சொல்லி, உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டவ."

"அதை ஏன் படிவத்திலை எழுதேல்லை?"

"கண்ணூறை எப்பிடி அக்கா இங்கிலீஷிலை எழுதுறது?"

சிவகௌரி கைப்பையைத் திறக்க அனுமதி கேட்டாள். விபூதிப் பொட்டலம். ஒரு எவர்சில்வர் கரண்டி. மடித்து மடித்துக் கிழியப்போகும் ஒரு போட்டோகொப்பி. விரதம் முடிக்க ஒரு ஸ்ட்ரோபரி யோகட்.

"இந்தத் தாள் கோயிலிலை குடுத்தது" என்றாள் சந்திரவதனா. "மரக்கறி மட்டும் சாப்பிடுறவை தொடக்கூடாத ஈ நம்பர் பன்னிரண்டும் இதிலை இருக்கு; சாமானிலை கலக்கிற நிறம், பசைக்குப் பெயருக்குப் பதிலாப் போடுற நம்பர். அம்மா கடையிலை ஒவ்வொரு சாமானாத் திருப்பிப் பார்ப்பா. நானும் அரைமணி நேரம் நிக்கவேணும்."

"யோகட் சாப்பிட்டா ஒண்டும் செய்யிறேல்லையோ?"

"தொண்டை கடிக்குது எண்டுவா. குளிர்ச் சாமான்தானே, அதுதான் எண்டு நினைச்சம்."

சிவகௌரி யோகட்டைத் திருப்பினாள். பிறகு போத்தலைத் திருப்பினாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நீண்ட மூச்சொன்று விட்டாள். ஆண்டவனே, பையன் தப்பினான்!

8.50.

"சேர், குற்றவாளி கிடைத்துவிட்டது" என்றாள்.

"யார்?"

"ஒரு பூச்சி."

ஹொலிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாகதாளிக் கள்ளியில் ஒட்டிக்கிடக்கும் ஒரு சின்னப் பூச்சி. காயவைத்து இடித்தால் அருமையான சிவப்பு வரும். என் நகத்தில் இருப்பதும் அதுதான். எங்கள் கலர் ரூமில் பெர்னடெற் என்று ஒருத்தி. போன வருடம் அந்தத் தூள் டின்னைத் திறந்தவள், பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்துத் தடித்து, மூச்சுத் திணறி விழுந்தாள். அவள் ஒன்றையும் தின்னவுமில்லை, குடிக்கவுமில்லை. சுவாசித்ததே போதும். அன்றிலிருந்து எங்களுக்கெல்லாம் முகமூடி. எல்லோருக்கும் அப்படி வராது. ஆயிரத்தில் ஒருத்திக்கு வரும். நீங்கள் கிளாஸில் வித்தியாசம் தேடினீர்கள். பத்துப் பேரில் வித்தியாசமாக இருந்தது கிளாஸ் இல்லை. குடித்த ஆள்."

"ஆனால் அவர் எல்லா லேபிளையும் படிப்பாரே!"

"படிப்பார். நம்பரைப் படிப்பார்." போத்தலின் இத்தாலிய லேபிளில் ஒரு மூலையில் விரலை வைத்தாள். "ஈ நூற்றிருபது. கோயில் தாளில் முதல் வரியே அதுதான். ஆனால் பாரில் கிளாஸ்தானே கைக்கு வந்தது, போத்தல் வரவில்லையே. சாராயம் இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்ட மனுஷி, பூச்சி இருக்கிறதா என்று கேட்க நினைக்கவில்லை. இனி யோகட்டைப் பாருங்கள். இங்கே நம்பர் இல்லை. பெயர் போட்டிருக்கிறான்: கோச்சினீல். அதே பூச்சி. தாளில் நம்பர்தான் உண்டு, பெயர் இல்லை. அதனால் அம்மா நல்ல சாமான் என்று கூடைக்குள் போட்டுக்கொண்டே இருந்தார். லிப்ஸ்டிக்கும் அதே சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு மூன்று தரம் சொல்லிப் பார்த்தது. முதல் தரம் கண்ணூறு என்றார்கள், அடுத்த தரம் குளிர் என்றார்கள். மூன்றாம் தரம் நீங்கள் கொலை முயற்சி என்கிறீர்கள்."

ஹொலிஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். டாக்டர் மறுமுனையில் நெடுநேரம் பேசினார். ஹொலிஸ் "அப்படியா", "அப்படியா" என்று ஐந்து தரம் சொன்னார். போனை வைத்துவிட்டு, எழுதிய தாளில் இரண்டு கோடு போட்ட வரியை மூன்றாவது கோட்டால் குறுக்கே வெட்டினார்.

"எல்லாம் பொருந்துகிறதாம். உடம்பு தேறியதும் தோலில் சோதித்து உறுதி செய்வாராம். உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கிளாஸும் எனக்கு இனி வேண்டாம்."

சந்திரவதனா சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த அழுகை வேறு. சிவகௌரிக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கக் கிளாஸை எடுத்துப்போய் குழாயடியில் மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். ஒரு பொட்டுச் சிவப்பு மிஞ்சினாலும் ஆபத்தல்லவா.

9.25. ஆஸ்பத்திரி ஜன்னலில் கடைசி வெளிச்சம்.

கமலாம்பிகை அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். உதட்டு வீக்கம் பாதி வற்றியிருந்தது. சிவகௌரி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கண்ணை இமைக்கவில்லை. சாவுக்குப் பக்கத்தில் போய்வந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

"அப்ப... நான் இவ்வளவு நாளும் பூச்சி திண்டனானோ?"

"ஓம் அம்மா."

"கிழமைக்கு எத்தினை யோகட் பிள்ளை?"

"நாலு" என்றாள் சந்திரவதனா.

"சிவ சிவா!" அம்மா கண்ணை மூடிக்கொண்டார். றெஜினோல்ட் கதவுக்கு வெளியே, வரலாமா போகலாமா என்று தெரியாமல் நின்றான்.

"அந்தப் பெடியனைப் பொலிஸ் அடிச்சவங்களோ?"

"இல்லை."

"எனக்கெண்டு புதுக் கிளாஸ் வாங்கிக் கழுவிக் கொண்டுவந்தவனாம், என்ன?"

"ஓம் அம்மா."

அவர் மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ம்ம். அவன் மீன்தானே தின்னுறவன்" என்றார் கடைசியில். "பூச்சி திண்ட நான் அவனை என்னத்தைச் சொல்லுறது. உள்ளை வரச்சொல்லு."

றெஜினோல்ட் உள்ளே வந்தான். சந்திரவதனா, சிவகௌரி கழுவிக் கொடுத்த அந்தக் கிளாஸை அவனிடம் நீட்டினாள். அவன் ஜாடியிலிருந்து தண்ணீர் வார்த்தான். கொஞ்சம் போர்வையில் சிந்தியது. அன்றைக்குச் சொன்ன சொல் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"தாரும் தம்பி" என்று அம்மா கையை நீட்டி வாங்கினார். அண்ணாந்து குடிக்கப் பார்த்தார். "தொண்டை நோகுது" என்று சொல்லிவிட்டு, கிளாஸ் விளிம்பில் உதட்டை வைத்து, மடக் மடக்கென்று முழுவதையும் குடித்து முடித்தார்.