கடைசியில் போன மூச்சு

காலை 10:39. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் டீச்சர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு மாடிக்கு ஓடினார். அவர் கணவரின் மூச்சு எப்போதோ அடங்கிவிட்டிருந்தது.

11:45. இன்ஸ்பெக்டரம்மா கட்டிலருகே நின்றார். டெலிபோன் கம்பெனியில் இருபது வருஷம் லைன் இழுத்தவர் இறந்தவர். கம்பத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேச்சு மட்டும் வரும். மூச்சு விடுவது மெஷின் புண்ணியத்தில். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. மூச்சு தடைபட்டால் அது உடனே இன்டர்நெட் வழியாக ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பும். அவர்கள் டீச்சரைக் கூப்பிடுவார்கள்.

"குழாய்ல சளி அடைச்சிருக்கு. யாரும் கை வைக்கல," என்றார் டாக்டர். "ஆனா பெட்டி செய்தி அனுப்பினது 9:54. எங்களுக்கு வந்தது 10:38. உடனே தெரிஞ்சிருந்தா ரெண்டு நிமிஷ வேலை."

முக்கால் மணி நேரம் அந்தச் செய்தி எங்கே நின்றது?

கீழே டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதுலருந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஆன்லைன்ல கணக்கு க்ளாஸ். தினமும் படம் உறைஞ்சு உறைஞ்சு நிக்கும். இன்னைக்குத்தான் ஒரு தடங்கலும் இல்ல."

பக்கத்து அறையில் இறந்தவரின் தம்பி. விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டி அனுப்புவது தொழில்.

"காலைல ஏதாவது அனுப்பினீங்களா?"

"ஒரு பெரிய படம். 9:50க்கு ஆரம்பிச்சு 10:38க்கு முடிஞ்சுது."

"நேத்தும் வீட்டுலதான் இருந்தீங்களா?"

"நாள் முழுக்க இங்கதான் இருந்தேன். எடிட்டிங்."

12:20. இன்டர்நெட் டெக்னீஷியன் வந்து லைனைச் சோதித்தார். "லைன் சுத்தம் மேடம். ஆனா வீட்டுல எது முன்னாடி போகணும்னு வரிசை போட்டு வெச்சிருக்காங்க. முதல்ல டீச்சர் கம்ப்யூட்டர், அடுத்து தம்பி கம்ப்யூட்டர். மத்ததெல்லாம் பின்னணி. முன்னாடி இருக்கறது ஓயற வரைக்கும் பின்னணிக்கு வழி கிடைக்காது. நேத்து 4:15க்கு மாத்தியிருக்காங்க, இறந்தவரோட போன்லருந்து."

இன்ஸ்பெக்டரம்மா இருவரையும் கூடத்துக்கு அழைத்தார்.

"இவ்வளவு பெரிய படம் போகும்போது க்ளாஸ் திணறியிருக்கணும். திணறல. அங்கேயே எனக்கு உறுத்திச்சு. ஒரே லைன்ல ரெண்டு பேருக்கும் தாராளமா வழி கிடைச்சா, வேற யாரோ ஒதுங்கி நின்னிருக்காங்கன்னுதானே அர்த்தம்? ஒதுங்கினது மூச்சுப் பெட்டி. போன் அவரோடது, முகத்தைக் காட்டினாத் திறக்கும். ஆனா விரல் அவரோடது இல்ல. நேத்து நாலேகாலுக்கு டீச்சர் முப்பது பிள்ளைங்க முன்னாடி க்ளாஸ்ல இருந்திருக்காங்க. மாத்தினது நீங்க."

தம்பி பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"அண்ணன்தான் மாத்தச் சொன்னாரு மேடம். க்ளாஸ் அறுபடுது, பெத்தவங்க அண்ணியைத் திட்டறாங்க, எனக்கும் வேலை தள்ளிப்போகுதுன்னு வருத்தப்பட்டாரு. முன்ன அவர் சொல்லித்தான் அந்தப் பெட்டிக்கு 'மூச்சு'ன்னு பேர் போட்டு வரிசைல முதல்ல வெச்சிருந்தாங்க. இதை எங்க போடட்டும்னு கேட்டேன். 'கடைசில போடுடா. துளியூண்டு செய்தி, எப்படியும் போயிடும்'னாரு. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவர் சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்."

"தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் டீச்சர். குரலில் கோபம் கூட இல்லை. "இங்க உக்காந்து பின்னம் நடத்திட்டிருந்தேன். போன் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு."

"சொல்லக் கூடாதுன்னாரு, அண்ணி. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு."

தம்பி எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். இன்ஸ்பெக்டரம்மா அவற்றை மெல்லக் கீழே இறக்கிவிட்டார். எந்தச் சட்டப் பிரிவில் இவரைக் கொண்டுபோவது? கை இவருடையது, சொல் இறந்தவருடையது.

"மேடம், அவருக்கு லைன் விஷயம் அத்துப்படி," என்றார் டீச்சர். " தெரிஞ்சேதான் சொன்னாரா? இல்ல, நிஜமாவே போயிடும்னு நினைச்சாரா?"

'தெரியாமல்தான்' என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதல். இன்ஸ்பெக்டரம்மா வாயைத் திறந்தார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பொய்யைக் கண்டுபிடித்துப் பழகிய கண்களோடு.

"தெரியலம்மா," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.