மாமனாருக்கு ஒரு மலிவு பிரேக்

"ஐயய்யோ...!"

அந்த அலறல் சர்வீஸ் ஸ்டேஷனின் தகரக் கூரையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் அடங்கியது.

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பதறி எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டான். கேஷியர் பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். தண்ணீர் பைப்பைப் பிடித்திருந்தவன் காரை விட்டுவிட்டுத் தன் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

யாரோ யாரையோ குத்திவிட்டார்கள்...!

இல்லை.

பெரியவர் ஒருவர் எஸ்டிமேட்டைப் படித்துவிட்டார். அவ்வளவுதான்.

"முன் பக்கம் ரெண்டே ரெண்டு பிரேக்குக்கு இவ்வளவா? சார்... நான் பிரேக் விலையைக் கேட்டேன். கார் விலையைக் கேக்கலை!"

சூப்பர்வைசர் பொறுமையைக் கடனாக வாங்கிச் சிரித்தார்.

"பெரியவரே, உங்க வீடு குன்று மேல. தினமும் இறக்கம். இருக்கிற டிஸ்க் சின்னது... சூடாகிப் புகையுது. பெரிய டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் போட்டாத்தான் நிக்கும்."

"காலிப்பர்னா?"

"டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். இடுக்கி மாதிரி."

"இடுக்கியா? எங்க வீட்டு அடுப்படியில ரெண்டு சும்மா கிடக்கு!"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். மானம் போகும்போதெல்லாம் அவர் கூரையைத்தான் பார்ப்பார்.

வீட்டோடு மாப்பிள்ளை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து, அதை இழுத்து மூடி, அன்றிலிருந்து மாமனார் வீட்டில் மாமனார் சோறு. அந்தச் சோற்றையும் மாமனார் கண்ணாலேயே அளந்து போடுவார்.

இறக்கத்தில் பிரேக் புகைவதற்குக் காரணமும் மாமனார்தான். குன்றின் உச்சியில் கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவார். அடிவாரம் வரை கார் தானாக உருளும். பெட்ரோல் மிச்சம்! பாரமெல்லாம் பிரேக்கின் தலையில்.

வெளியே வந்ததும் மாமனார் சொன்னார். "சீக்கிரம் ஏதாவது பண்ணணும் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்க்கக் கீழ போறேன். வீட்டை டிரஸ்ட்டுக்கு எழுதறேன்."

மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டார்.

"எ... என்ன டிரஸ்ட் மாமா?"

"என் பேர்லதான். சிக்கனத்தைப் பரப்புற டிரஸ்ட்."

"அப்ப... நாங்க?"

"உங்களுக்கு என்ன குறை? என் ஆசீர்வாதம் இருக்கே!"

ஆசீர்வாதத்துக்குக் கூரை கிடையாது. மழை பெய்தால் ஒழுகும்.

அந்த நொடியில்தான் மாப்பிள்ளையின் மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது... சிவப்பு பல்பு!

"மாமா... காயலான் கடைக்குப் போலாமா? இதே கம்பெனியோட பெரிய கார் ஏதாவது அடிபட்டு வந்திருக்கும். அதோட டிஸ்க்கும் காலிப்பரும் நம்ம வண்டியில கச்சிதமா உட்காரும். நானே மாட்டறேன்."

"கூலி?"

"மாமாகிட்ட போய்க் கூலி வாங்குவேனா?"

மாமனாரின் கண்கள் கலங்கின. கல்யாணத்தன்றுகூட அவர் மாப்பிள்ளையை இப்படிப் பார்த்ததில்லை.

காயலான் கடைக்காரர் பேரம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க சாமி. நீங்க இங்க நிக்க நிக்க எனக்கு நஷ்டம்!"

வீட்டு ஷெட்டில் வேலை தொடங்கியது.

இடது காலிப்பர், வலது காலிப்பர். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நிப்பிள். அது மேல் பக்கம் இருக்க வேண்டும். பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் வெளியே போகும்.

இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால்? நிப்பிள் கீழே போய்விடும். எவ்வளவு திறந்து மூடினாலும் எண்ணெய்தான் ஒழுகும். காற்று மேலேயே குடியிருக்கும். சமதளத்தில் நாலு முறை மிதித்தால் பெடல் ஏதோ எழுந்து நிற்கும்... ஆனால் இறக்கத்தில்?

பெடல் தரைக்குப் போகும். கார் பாதாளத்துக்குப் போகும்!

அறுந்த குழாய் கிடையாது. கழன்ற நட்டு கிடையாது. 'பாவம், மாத்தி மாட்டிட்டார்' என்று ஊர் உச்சுக் கொட்டும். அவ்வளவுதான் தடயம்.

மாமனார் முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நீங்க ஏன் மாமா சிரமப்படறீங்க? உள்ள போய்ப் படுங்க."

"நானும் கத்துக்கறேன். அடுத்த தடவை உங்களுக்குக் குடுக்கிற டீ செலவு மிச்சம்."

மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைத்தார். மாற்றி மாட்டினார். மாமனார் ஒவ்வொரு போல்ட்டையும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை.

"போயிட்டு வாங்க மாமா. எனக்குத் தலைவலி."

மாமனார் சாவியை அவர் கையில் திணித்தார். "நீங்க மாட்டின பிரேக்கு. நீங்கதான் ஓட்டணும்!"

"நா... நானா?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்பாவைத் தனியா அனுப்பிட்டு நீங்க படுத்துத் தூங்கலாம்னு பார்க்கறீங்களா? தலைவலிக்குக் காத்து பட்டா நல்லது. கிளம்புங்க!"

கதவு சாத்தப்பட்டது. காரின் கதவும் சாத்தப்பட்டது. மாப்பிள்ளைக்குத் தன் வாழ்க்கையின் கதவே சாத்தப்பட்டது போல இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் இறக்கம்.

முதல் கியரைப் போட்டார். இன்ஜின் கதறியது. பிரேக் பெடல் பக்கம் அவர் கால் போகவே இல்லை. கால் வைத்தால் பெடல் தரையைத் தொடும். மாமனாரின் கண்ணோ அவர் பாதத்திலேயே இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, முதல் கியரா? பெட்ரோலை ஊத்திக் குடிக்குது! நியூட்ரல் போடுங்க!"

"வே... வேணாம் மாமா! இன்ஜினுக்கு நல்லது மாமா!"

"பர்ஸுக்குக் கெட்டது!"

கியர் மேல் மாமனாரின் கை வந்தது. மாப்பிள்ளை தட்டிவிட்டார். மறுபடியும் வந்தது. மறுபடியும் தட்டினார். வளைவில் எதிரே வந்த சைக்கிள்காரன், இருவரும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினான்.

மாமனார் திடீரென்று சிரித்தார்.

"எவ்வளவு பொறுப்பு! இதனாலதான் என் மனசே மாறிடுச்சு."

"என்ன... மாறிடுச்சு?"

"டிரஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த சர்வீஸ்காரன் என்னைக் கொள்ளையடிக்க இருந்தான். நீங்க காப்பாத்தினீங்க. வீட்டை உங்க பேருக்கே எழுதப் போறேன். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு இன்ஸ்பெக்டரையும் வரச் சொல்லியிருக்கேன். பின்னாடியே அவர் கார்ல வர்றார்."

மாப்பிள்ளைக்கு உலகம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

வீடு... தன் பேருக்கு!

ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய கை, தான் எமனாக்கி வைத்த காரில் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுவதோ எமதூதனாகிய தானே!

முதல் தடவையாக மாமனார் நூறு வயது வாழ வேண்டும் என்று அவர் மனதார வேண்டிக்கொண்டார். குறைந்தபட்சம் மதியம் வரை.

"மாமா... இறங்கி நடந்து போலாமா? உடம்புக்கு நல்லது."

"செருப்பு தேயாதா?"

"திரும்பிப் போயிடலாமா?"

"ஏத்தத்துல பெட்ரோல் இன்னும் குடிக்கும்!"

கடைசி வளைவு.

மாப்பிள்ளை திரும்பினார்.

சாலையின் குறுக்கே ஒரு ஸ்கூல் வேன்! பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கக் குழந்தைகள். ஒரு குழந்தை அவரைப் பார்த்து டாட்டா காட்டியது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது தேய்ந்து போய் பல வருடம் ஆகியிருந்தது. மாற்றினால் செலவு!

கார் உருண்டது... வேன் நெருங்கியது... குழந்தை இன்னும் டாட்டா காட்டிக்கொண்டே இருந்தது...

வீடு, சொத்து எல்லாம் அந்த நொடியில் மறந்து போயின. அந்தச் சின்னக் கை மட்டும்தான் தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"பிரேக் பிடிக்காதுடா! வேனை நகர்த்துடா! மாமா, கதவைத் திறந்து குதிச்சிடுங்க! நான்தான் மாமா... உங்களைக் கொல்லத்தான் மாத்தி மாட்டினேன்! மன்னிச்சிடுங்க மாமா!"

இரண்டு காலையும் சேர்த்து பெடலை மிதித்தார்.

க்ரீ...ச்!

கார் நின்றது.

வேனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

மாப்பிள்ளை பெடலைப் பார்த்தார். கல் போல நின்றது.

"எப்... எப்படி மாமா நின்னுச்சு?"

மாமனார் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"புதுசை எதுக்கு வீணாத் தேய்க்கணும்னு நேத்து நீங்க தூங்கறப்ப கழட்டிட்டேன். இது பழசு. முதல் கியர்ல வந்தீங்களா... சூடே ஆகலை, நல்லா பிடிக்குது."

"நீங்களேவா கழட்டினீங்க?"

"பார்த்துக் கத்துக்கிட்டேனே! அது கிடக்கட்டும்..." மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ ஒரு மரியாதை தெரிந்தது. "என்னைக் கொல்றதுக்கும் காயலான் கடை சாமான்தானா? அதுவும் என் காசுலயே?"

மாப்பிள்ளை தலைகுனிந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"மாமா! அந்தப் புது பிரேக் செட்டு இப்ப எங்க?"

"லாபத்துக்கு வித்துட்டேன். இன்ஸ்பெக்டருதும் இதே மாடல்தானே? நானே மாட்டியும் குடுத்தேன். நீங்க மாட்டின மாதிரியே... இம்மி பிசகாம!"

வேன் மெல்ல ஓரமாக ஒதுங்கி நின்றது. அப்போது பின்னால் ஹாரன்.

விடாத ஹாரன்! அதனுடன் ஒரு போலீஸ் அலறல்!

"நகருங்கய்யா...! நகருங்க...!"

டமார்!

மாமனாரின் டிக்கி நசுங்கியது. இன்ஸ்பெக்டரின் முன்பக்கம் சப்பையானது. நல்லவேளை, உயிர் யாருக்கும் போகவில்லை. இன்ஸ்பெக்டரின் தொப்பி மட்டும் கண்ணாடி வழியாக வெளியேறி மாமனாரின் மடியில் வந்து உட்கார்ந்தது.

மூக்கில் ரத்தம் வழிய இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"உங்க பின்னாடி கியர்லயே ஊர்ந்து வந்தேன்... இங்க மிதிச்சா பெடல் தரையைத் தொடுதுய்யா! பெரியவரே, உங்க கையாலதானே மாட்டினீங்க? போலீஸ்காரனையே தீர்த்துக்கட்டப் பார்த்தீங்களா?"

மாமனார் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மாப்பிள்ளைக்குள் மெல்ல ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. மாட்டியது மாமனார் கை. மாட்டிக்கொண்டதும் மாமனார்தான். தான் வாயை மூடிக்கொண்டால் போதும்...

"எனக்கு எதுவும் தெரியாது சார்," என்றார் மெல்லிய குரலில். "எனக்குத் தலைவலி."

வேன் ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அங்கிள் பொய் சொல்றார்! 'உங்களைக் கொல்லத்தான் மாத்தி மாட்டினேன்'னு இப்பத்தான் கத்தினார்!"

"ஆமா...! 'மன்னிச்சிடுங்க மாமா'ன்னும் கத்தினார்!" என்று மொத்த வேனும் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தது.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே போனை எடுத்தார்.

"ஸ்டேஷன் ஜீப்பை அனுப்புய்யா. ரெண்டு பேர். ஒருத்தர் சொல்லிக் குடுத்தவர், இன்னொருத்தர் மாட்டினவர்."

ஜீப் வந்தது. மாப்பிள்ளை தளர்ந்து போய் ஏறினார். மாமனார் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"சார்... ஒரு சந்தேகம். இந்த ஜீப்புக்குப் பெட்ரோல் யார் செலவு?"

"கவர்மெண்ட் செலவு. ஏறுங்க!"

மாமனாரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அப்படியா? அப்ப வக்கீல் ஆபீஸைச் சுத்திக்கிட்டுப் போங்க சார்... டிரஸ்ட்டுக்கு ஒரு கையெழுத்து போடணும்!"