சர்க்கரை போடவா?

கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும் மூன்றாம் குமிழூரில் அன்று காலை எட்டு மணிக்குப் பெய்ய வேண்டிய மழையை மறுநாளைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். சங்கரலிங்கத்தின் சாம்பலைத் தோட்டத்து மண்ணில் கலக்கும் நாள் அது. செவ்வாய்க்கோளில் சாவுக்கு இந்த ஒரு மரியாதை உண்டு.

சங்கரலிங்கத்துக்கு வயது இருபத்தாறு. சனியின் வளைய எல்லையில் ஐந்து வருடம் காவல் நின்று, சட்டையில் ஒரு பதக்கத்தோடும் நுரையீரல் நிறைய வளையத் தூசியோடும் திரும்பி வந்தவன். ஒன்றரை வருடம் ஊரில் இருந்தான், அவ்வளவுதான். சாகிற வயதா அது?

அவன் அக்கா கோமதி மூன்று வாரமாக இரங்கலுரை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். முதல் பிடிச் சாம்பலைத் தூவுவதும் அவனைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதும் தன் உரிமை என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

"எந்தம்பியப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும், சொல்லுங்க?" என்று புறப்படும்போதுகூடக் கணவன் நெல்லையப்பனிடம் கேட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஆனால் குமிழூரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காலத்தில் இரங்கல் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தவர்கள் சொந்தப் பெருமையையே பேசிக் கழுத்தறுத்ததால் வந்த வழக்கம். இறந்தவர் பேச்சுக்கு, அவர் இருந்தபோது யார் அதிக நேரம் காது கொடுத்தார்களோ அவருக்கே முதல் பிடி, பேசுவதும் அவரே. கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எல்லார் காதுக்குப் பின்னாலும் கடுகளவு செவிமணி ஒன்று பதித்திருக்கும். எல்லார் விழிமேலும் கண்ணிதழ் என்ற மெல்லிய திரை ஒட்டியிருக்கும். ஊர் உலகத்துப் படமும் செய்தியும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் பேசும்போது எதிரே இருப்பது எதுவானாலும், அது குறுக்கே பேசாமல், கண்ணிதழில் மேயாமல் நமக்காகக் காத்திருந்த நொடிகளைச் செவிமணி குறித்துக்கொள்ளும். அதற்குச் செவிநேரம் என்று பெயர்.

தோட்டத்தில் எல்லாரும் கூடியதும் சபை அலுவலர் ரொசாரியோ செவிநேரக் கணக்கை எடுத்தார். "கோமதியம்மா, உங்க செவிநேரம் நாற்பத்தோரு நிமிஷம்."

"ஒரு நாளைக்கா?"

"ஒன்றரை வருஷத்துக்கும்மா."

கோமதிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "என்ன அநியாயம் இது! அவன் என் வீட்டுலதான இருந்தான்? ஒரே மேசையிலதான சாப்பிட்டோம்?" என்று கத்தினாள். கத்திய வேகத்திலேயே, 'அக்கா, ஒண்ணு சொல்லணும்' என்று அவன் சமையலறை வாசலில் வந்து நிற்பது நினைவுக்கு வந்தது. 'அப்புறம் சொல்லுலே' என்று தான் சொன்னதும்தான். எத்தனை நாள் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப யாருக்கு முதல் பிடி?"

ரொசாரியோ கூச்சத்தோடு படித்தார். "ஐநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். ஏழாம் நடைக்கூடத்து டீ மெஷின்."

வழக்கத்தை மீற முடியாது. சக்கரங்கள் கிறீச்சிட டீ மெஷினை உருட்டி வந்தார்கள். தோட்டத்து நடுவில் நின்றதும் அது பழக்கத்தில், "சர்க்கரை போடவா?" என்றது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்லத் தொடங்கியது.

"வளையத்தின் விளிம்பில் பனிக்கட்டிகள் சத்தமே இல்லாமல் மிதந்து போகுமாம். வெளிச்சம் பட்டால் பொன்னாகும், நகர்ந்தால் சாம்பலாகும். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் எதிரிக் காவலன் ஒருவன். முகம் தெரியாது, மொழி தெரியாது. ஒரு நாள் வானொலியில் அவன் ஏதோ மெட்டை முனகினான். சங்கரலிங்கம் பதிலுக்கு, சின்ன வயதில் அக்கா பாடித் தூங்கவைத்த தாலாட்டை முனகினார். மூன்று மாதத்தில் அவனுக்கும் அது பாடம் ஆகிவிட்டது. இவர் பாதியில் கண்ணயர்ந்தால் மீதியை அவன் முடிப்பானாம். விழித்திருக்கிறோமா, கனவா என்றே தெரியாது என்பார்."

தாலாட்டு என்றதும் கோமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிறகு சுடச் சொல்லி உத்தரவு வந்தது. சுட்டார். பதக்கம் அதற்குத்தான். அதன் பின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை என்றார். இதை அக்காவிடம் சொல்லணும், எப்படி ஆரம்பிக்க என்று தினமும் என்னிடம் ஒத்திகை பார்ப்பார்."

கோமதி எழுந்து ஓடி அந்தத் தகரத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, என் ராசா! நீயாவது அவன் பேச்சுக்குக் காது குடுத்தியே, நீ நல்லா இருப்ப!" என்று வாய்விட்டு அழுதாள்.

"அப்படி இல்லை அம்மா," என்றது மெஷின். "சர்க்கரை போடவா என்றேன். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. பதில் வரும்வரை பொறுத்திருந்து, பேசுவதைப் பதிவு செய்யும்படி என்னைச் செய்திருக்கிறார்கள்."

டீக்கோப்பை ஏந்தும் அதன் கையில் முதல் பிடியை வைத்தார்கள். அது நடுங்காமல் தூவியது.

சாயங்காலம் வீட்டில் கோமதி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. நெல்லையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோமதி, எனக்கும் ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ள ஒண்ணு கிடந்து உறுத்துது..."

"ம்ம், சொல்லுங்க."

அவர் அவள் கண்களைப் பார்த்தார். கண்ணிதழில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. 'இருக்கும்போதே அவர்கள் பேச்சைக் கேளுங்கள்!' என்று அவள் ஊருக்கெல்லாம் எழுதியிருந்தாள். அதற்குள் மூவாயிரம் பேர் கண்ணீர்த்துளி அனுப்பியிருந்தார்கள். இமையைச் சிமிட்டிச் சிமிட்டி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெல்லையப்பன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"டீ குடிச்சிட்டு வாறேன்."

ஏழாம் நடைக்கூடத்தில் அவருக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற பெண்ணிடம் மெஷின் கேட்டது, "சர்க்கரை போடவா?" அவள் பதில் சொல்லவில்லை, தன் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.