நலம் விசாரிக்கும் பொத்தான்

காலையில் எழுந்ததும் மங்கையர்க்கரசி தன் கணவரை இரண்டு முறை சொடுக்கினாள். அடுத்த அறையிலிருந்த சிவக்கொழுந்து காப்பியோடு வந்தார். பிறகு காற்றைச் சொடுக்கினாள். கூரையோரத்துத் துவாரம் திறந்து, பாசி மணத்தோடு அன்றைய பங்கு வந்து சேர்ந்தது. தண்ணீரைச் சொடுக்கினாள், தரை பெருக்கும் பொறியைச் சொடுக்கினாள், எல்லாம் வந்தன. நிலவின் தென்முனையில், பாறைக்கு அடியில் அமைந்த அல்லிக் குடியிருப்பில் ஒரு நாள் இப்படித்தான் தொடங்கும்.

சொடுக்குவதற்கு ஒவ்வொருவரிடமும் ஓர் உள்ளங்கணி இருந்தது. இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் அளவிலான சின்னக் கணினி. உள்ளே ஓடியது பழைய லினக்ஸ் இயங்குதளத்தின் கொள்ளுப்பேத்தி. பூமியின் கணினிகளுக்கு எலி என்றொரு கருவி இருந்ததாம். அல்லியில் எந்த வகை எலியும் கிடையாது. அதன் வேலையை இரண்டு பொத்தான்கள் பார்த்தன. வலக் கட்டைவிரலின் கீழே பெரிதாக இருந்தது ஏவல் பொத்தான். திரையில் யாரைக் காட்டி அழுத்தினாலும் அவர் வருவார், எதைக் காட்டி அழுத்தினாலும் அது வேலை செய்யும். இடக் கட்டைவிரலின் கீழே சிறிதாக இருந்தது பட்டியல் பொத்தான். அதை அழுத்தினால், அந்த ஆளிடம் வேறு என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் விரியும். ஏவல் பொத்தான் தேய்ந்து எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. பட்டியல் பொத்தானோ அல்லி முழுவதும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

மங்கை காப்பியை இடக் கையால் வாங்கினாள்.

"என்ன, கை மாறுது?" என்றார் சிவக்கொழுந்து.

"கட்டைவிரல் மடங்கல."

"நேத்து மடங்கிச்சே."

"நேத்தும் மடங்கல. மடங்கின மாதிரி நடிச்சேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாரம் கை ஆய்வு வருகிறது என்பது இருவருக்கும் தெரியும். மங்கைக்குப் பாசித் தொட்டியில் வேலை. அவள் சொடுக்கினால்தான் மதகுகள் திறந்து குடியிருப்புக்கு மூச்சு வரும். விரல் தவறினால் எல்லாருக்கும் மூச்சு முட்டும். ஆகவே நிர்வாகியின் எதிரில் உட்கார்ந்து, ஏவல் பொத்தானைத் தடையில்லாமல் அழுத்திக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு அடுத்த கப்பலில் பூமிக்கு இடம் போட்டுவிடுவார்கள். மங்கை பூமியில் பிறந்தவள், போய்விடலாம். சிவக்கொழுந்து நிலவில் பிறந்தவர். பூமியில் இறங்கினால் அவருடைய எடையை அவருடைய எலும்புகளே தாங்காது.

"நானும் வர்றேன். வாளியில அள்ளி இறக்கிக்கோ," என்றார்.

"வாயைக் கழுவுங்க முதல்ல."

சிறிது நேரம் இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிவக்கொழுந்து மற்றொரு கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஏன் மங்கை, இந்த விரல் சும்மாதானே இருக்கு? ரெண்டு பொத்தானோட வேலையையும் இடம் மாத்திவிட்டா?"

எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டால் எந்தச் சொடுக்கு என்று சொல்லும் கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். அன்றிரவு சிவக்கொழுந்து மங்கையின் உள்ளங்கணியில் அதைத் திறந்தார். பெரிய பொத்தானுக்கு நேரே இருந்த சொல்லையும் சிறிய பொத்தானுக்கு நேரே இருந்த சொல்லையும் இடம் மாற்றினார். சேமித்தார். உள்ளங்கணியின் முதுகில் கொஞ்சம் திருநீறு பூசினார். பிறகு, சாப்பிட்டவன் கை கழுவுவதுபோல, ஒரு நினைப்பும் இல்லாமல் 'பொதுவில் இடு' என்பதை அழுத்திவிட்டுத் தூங்கப் போனார்.

அது அல்லியின் வழக்கம். யார் எந்த வசதியைச் செய்துகொண்டாலும் அதைப் பொதுவில் இட்டுவிட வேண்டும். மறுநாள் காலை எல்லா உள்ளங்கணிகளும் அதைத் தாமே ஏற்றுக்கொள்ளும். ஒருவருக்குக் கிடைத்த சௌகரியம் எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்த நல்ல மனிதர்கள் வைத்த ஏற்பாடு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சிவக்கொழுந்து அதைத் தவறியதே இல்லை. ரகசியமாகச் செய்த காரியத்தையும் பொதுவில் இடும் அளவுக்கு அவர் ஒழுங்கானவர்.

மறுநாள் மங்கை இடக் கட்டைவிரலால் கணவரைச் சொடுக்கினாள். காப்பி வந்தது. அவள் கண்ணை மூடி நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டாள். அதே நேரத்தில் அல்லியின் மற்ற வீடுகளில் யாருக்கும் காப்பி வரவில்லை.

எல்லாரும் வழக்கம்போல வலக் கட்டைவிரலால் பெரிய பொத்தானை அழுத்தினார்கள். அதுவும் இரண்டு முறை. ஒரு முறை அழுத்தினால் போதும் என்று மனிதர்கள் என்றைக்குமே நம்பியதில்லை. லிப்ட்டுக்குக் காத்திருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். முதல் அழுத்தில் பட்டியல் விரிந்தது. இரண்டாம் அழுத்து பட்டியலின் முதல் வரியில் விழுந்தது. அந்த வரியை அல்லியை நிறுவியவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: 'நலம் விசாரி.'

மங்கையின் உள்ளங்கணி கிணுங்கியது. பக்கத்து வீட்டுக் கதீஜா.

இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் ஒரே காற்றுக்குழாய். மங்கை தாளிக்கும்போதெல்லாம் பெருங்காய வாசனை குழாய் வழியாகக் கதீஜாவின் வீட்டுக்குப் போய்விடும். நிலவில் கடுகு வெடித்தால் கூரைவரை எழும்பும், வாசனையும் சாவகாசமாகத்தான் இறங்கும். தினமும் காலையில் கதீஜாவிடமிருந்து ஒரு புகார் வருவது வாடிக்கை.

"ஏங்க, கதீஜா அக்கா 'நலமா'ன்னு கேக்குறாங்க."

"பெருங்காயத்தைப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல."

"அடடா," என்றார் சிவக்கொழுந்து. "அவங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ."

மங்கை பதில் சொல்வதற்குள் மறுபடி கிணுங்கியது. இந்த முறை நிர்வாகி ஜெபமணி. அவர் மங்கையைக் கை ஆய்வுக்கு வரச்சொல்லித்தான் சொடுக்கியிருந்தார். வந்து சேர்ந்ததோ, 'நலமா?'

மங்கை திரையைக் கணவரிடம் காட்டினாள். "தெரிஞ்சுபோச்சுங்க. இல்லாட்டி அவர் எதுக்கு என்னைப் போய் நலமான்னு கேக்கணும்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லிடு."

"கேக்காதவங்ககிட்ட மறைச்சிடலாம். கேட்டவங்ககிட்ட எப்படிங்க பொய் சொல்றது?"

அவள் உள்ளங்கணியை வாயருகே கொண்டுபோய், "சார், கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது. ரொம்ப நாளாவே இப்படித்தான்," என்று பேசி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு, கப்பலில் கொண்டுபோக எந்தப் புடவைகளை எடுத்துவைப்பது என்று யோசித்தபடி சாமி படத்தின் முன் போய் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் ஜெபமணியே நேரில் வந்துவிட்டார். உயரமான மனிதர். கூரையில் தலை இடிக்காதபடி குனிந்து குனிந்து துள்ளி வந்தார்.

"மங்கையம்மா, காலையிலேருந்து என் உள்ளங்கணிக்கு என்னவோ ஆயிடுச்சு. யாரைக் கூப்பிட்டாலும் அவங்க வலியைச் சொல்றாங்க. கப்பல் துறை ஆளைச் சொடுக்கினேன், தம்பி அழுதுட்டான். அவனுக்கும் கட்டைவிரல்தானாம். கணக்குப் பிரிவிலயும் கட்டைவிரல். இந்த அல்லியில யாருக்குத்தான் விரல் நல்லா இருக்கு?"

"உங்களுக்கு இருக்கே சார்," என்றாள் மங்கை.

ஜெபமணி வலக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு, நல்ல மனிதராகையால், முன்னால் நீட்டினார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"அப்போ ஆய்வுக்கு ஆளுங்களை எப்படிச் சொடுக்கிக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

"கதவைச் சாத்திக்கிட்டு, மூக்கால."

யாரும் சிரிக்கவில்லை. ஜெபமணிதான் முதலில் சிரித்தார். அதன் பிறகு சிவக்கொழுந்து எழுந்து நின்று, பொத்தான்களை மாற்றியதும் பொதுவில் இட்டதும் தான்தான் என்று தலைகுனிந்து சொன்னார். பழையபடி ஆக்க ஒரு நொடி போதும் என்றும் சொன்னார்.

"இருக்கட்டும்," என்றார் ஜெபமணி. "வேலை ஏவணும்னா சின்னப் பொத்தான் இருக்குல்ல, பழகிக்குவாங்க. நான் நிர்வாகியா வந்த நாள்லேருந்து என்னை யாரும் நலமான்னு கேட்டதில்லை. இன்னிக்கு இத்தனை பேர் கேட்டாங்க. தவறுதலாக் கேட்டாங்கன்னே வச்சுக்குவோம். கேட்டாங்கல்ல?" வாசலில் திரும்பி, "கை ஆய்வைத் தள்ளி வைக்கிறேன். இப்போ வச்சா கப்பல் நிறைஞ்சிடும், ஓட்டறதுக்கும் ஆள் இருக்காது," என்று சொல்லிவிட்டுக் குனிந்து போனார்.

இறைவன் ஒரு வீட்டுக்குள் வர நினைத்தால் தவறாக அழுத்தப்பட்ட பொத்தான்கூட அவனுக்கு வாசலாகிவிடுகிறது. அல்லியில் அந்தச் சில வாரங்கள் அப்படி இருந்தன. கதீஜா கேட்டாள், மங்கை உள்ளதைச் சொன்னாள். மங்கை திருப்பிக் கேட்டாள், கதீஜாவும் சொன்னாள். பெருங்காயத்தால் வரும் தும்மலைவிட வீட்டில் பேச ஆளில்லாததுதான் அவளுக்குப் பெரிய உபாதை என்பது அப்போது தெரிந்தது.

ஆனால் நலம் விசாரித்தால் பதில் சொல்ல வேண்டும், அதை அனுப்பச் சின்னப் பொத்தானை அழுத்த வேண்டும். பதில் சொல்லச் சொல்ல இடக் கட்டைவிரலும் வலிக்கத் தொடங்கியது. சிவக்கொழுந்துக்கு அந்த வலி கொஞ்சம் அதிகம். எல்லாருக்கும் நல்லவர், எல்லாரும் விசாரித்தார்கள். ஒருநாள் அவர் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தார். யாராவது 'நலமா?' என்று கேட்டால், உள்ளங்கணி தானே 'நலமே. தங்கள் நலம் அறிய ஆவல்' என்று சொல்லிவிடும். திருநீறு பூசினார். பொதுவில் இட்டார்.

அதைக் கண்ட வேறு யாரோ, கேட்பதையும் உள்ளங்கணியே பார்த்துக்கொள்ளும்படி இன்னொரு வரி சேர்த்தார்கள். விடிந்ததும் எல்லா உள்ளங்கணிகளும் எல்லாரையும் கேட்டுவிடும். பிறகு யாரோ பூமியின் பழைய சேமிப்பிலிருந்து படங்களைத் தோண்டி எடுத்து ஒவ்வொரு விசாரிப்போடும் இணைத்தார்கள்: பனித்துளி படிந்த ரோஜா, உதிக்கும் சூரியன், அதன் மேல் சாய்ந்த எழுத்தில் 'காலை வணக்கம்'. ஒரு காலத்தில் பூமியில் மக்கள் இவற்றைத் தினமும் தங்கள் கையாலேயே அனுப்பிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு அல்லிக்காரர்கள் இரக்கப்பட்டார்கள். எவ்வளவு விரல் வலித்திருக்கும்.

இப்படியாக அல்லியில் ஓயாமல் நலம் விசாரிக்கப்பட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஓய்வு கிடைத்ததால் பலருடைய விரல்கள் தேறிவிட்டன. மங்கையின் விரல் தேறவில்லை.

தள்ளிவைத்த கை ஆய்வு ஒரு காலையில் வந்தேவிட்டது. மங்கை குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, நிர்வாகியின் அறைக்குப் புறப்பட நின்றாள். உள்ளங்கணி கிணுங்கியது. ஜெபமணியின் உள்ளங்கணி அவளுடையதை நலமா என்று கேட்டிருந்தது. அவளுடையது நலமே என்று சொல்லியிருந்தது. அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டு, கீழே இன்னொரு வரி: 'கை ஆய்வில் தேர்ச்சி.' கூடவே ஒரு ரோஜா.

"பாத்தியா," என்று சிவக்கொழுந்து அவள் தோளைத் தட்டினார். "இனிமே உன்னை யாரும் பூமிக்கு அனுப்ப முடியாது." மகிழ்ச்சியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மங்கைக்கும் மகிழ்ச்சிதான். அவரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனாலும் அடுப்படிக்குப் போய்ப் பெருங்காயக் கட்டியை உடைக்கப் பார்த்தாள். விரல் மறுத்தது. மூன்றாவது நாளாக வெறும் ரசம்.

"யாராவது ஒருத்தர் விரலைப் பாத்திருக்கலாம்," என்றாள் மெதுவாக.

அப்போதுதான் வாசலில் ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக்.

சொடுக்கினாலே போதும் என்பதால் அல்லியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. இருவரும் திடுக்கிட்டார்கள். குழாய் வெடிக்கிறதோ என்று சிவக்கொழுந்து கூரையைப் பார்த்தார். மறுபடி டொக், டொக். மங்கை போய்க் கதவைத் திறந்தாள். கையில் சின்னக் கிண்ணத்தோடு கதீஜா நின்றாள்.

"என்னக்கா, உங்க உள்ளங்கணி கெட்டுப்போச்சா?"

"அது எங்கே கெடுது. நீ நல்லா இருக்கேன்னு விடிஞ்சதிலேருந்து சொல்லிக்கிட்டே கெடக்கு." கதீஜா உள்ளே வந்தாள். "ஆனா மூணு நாளா எனக்கு ஒரு தும்மல் வரல. குழாயில மூக்கை வச்சுக்கூடப் பாத்துட்டேன். அதான் பயமாப் போச்சு. எங்கே, அந்த விரலைக் காட்டு."

கிண்ணத்தில் சூடான எண்ணெய் இருந்தது. கதீஜா தரையில் உட்கார்ந்து மங்கையின் இரு கைகளையும் மடியில் போட்டு நீவத் தொடங்கினாள். "மெதுவாக்கா." "மெதுவாத்தான் புள்ள. உன் ரசத்தோட நாத்தம் இல்லாம என்னால சாப்பிட முடியல, அந்தக் கோவமும் இருக்கு." மங்கை அழுதாள். வலியால் என்று சொன்னாள்.

சிவக்கொழுந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருவர் கதவை ஒருவர் தட்டுவது இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டதே. இது ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைத்தால் போதுமா? எல்லாருக்கும் கிடைக்க வேண்டாமா? அவர் உள்ளங்கணியை எடுத்து, கோப்பைத் திறந்தார்.

"என்னங்க, என்ன பண்றீங்க?" என்றாள் மங்கை. அவளுடைய இரண்டு கைகளும் எண்ணெயாக இருந்தன.

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வரி," என்றார் சிவக்கொழுந்து, திருநீற்றுக்குக் கை நீட்டியபடி.

மறுநாள் காலை அல்லியில் எல்லாக் கதவுகளும் தாமாகவே தட்டிக்கொண்டன. ரோஜாவைப் போல இதையும் மக்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டு, எழுந்து போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மங்கை மட்டும் ஒவ்வொரு தட்டலுக்கும் போய்த் திறந்தாள். வெறும் வாசல், மறுபடி வெறும் வாசல். அதற்கடுத்த முறை, எண்ணெய்க் கிண்ணத்தோடு கதீஜா நின்றிருந்தாள்.