எட்டாம் அடுக்கு

"இன்னைக்குக் குழம்புல புளி கூடிட்டுங்க" என்றாள் பிலோமினா.

"என்னைக்குத்தான் கூடல?" என்று செவ்வாய்க் கோளிலிருந்து அவள் கணவன் இஞ்ஞாசி உடனே சிரித்தான்.

அங்கிருந்து குரல் வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். ஆனாலும் யாரும் இப்போது காத்திருப்பதில்லை. எட்டாம் அடுக்கு வந்தபின் காத்திருப்பது என்பதே ஒழிந்துவிட்டது.

அதற்குக் கீழே, செய்தியைக் கொண்டுசேர்க்கும் பழைய ஏழு அடுக்குகளும் அப்படியேதான் இருந்தன. அடியில் இருப்பது அலையைச் சுமக்கும். மூன்றாவது, போகும் வழியைத் தேடும். நான்காவது, செய்தியைத் துண்டாக்கிக் கட்டிய பொட்டலங்களை எண்ணிப் பார்த்து, காணாமல் போனதைத் திரும்பக் கேட்கும். ஒவ்வொன்றும் மேலடுக்கு கொடுத்ததைத் தன் உறைக்குள் போட்டு அனுப்புமே தவிர, பிரித்துப் பார்க்காது. எட்டாவது அடுக்கோ ஆளையே படித்து வைத்திருந்தது. அவர் என்ன சொல்வார் என்று ஊகித்து, அவர் குரலிலேயே சொல்லிவிடும். அவர் உண்மையில் சொன்னதும் அதுவேயானால், எதையும் அனுப்பாது. ஊகத்துக்கு மாறான சொல் மட்டுமே வானத்தைக் கடக்கும். ஆள் பேசாவிட்டாலோ, மௌனம் சம்மதம் என்று தன் ஊகத்தையே வைத்துக்கொள்ளும்.

மணப்பாடு அலைநிலையத்தில் பிலோமினாவுக்கு நான்காம் அடுக்கில் வேலை. அன்று ஒரு பழுதைத் தேடப் போனவள், கணவனின் வரிசையைப் பார்த்துவிட்டாள். நாற்பது நாளாக அவனிடமிருந்து வந்த பொட்டலம்: சைபர்.

நாற்பது நாளாகத்தான் செவ்வாயின் வடதுருவத்தைப் புழுதிப்புயல் மூடியிருந்தது. அங்கே பனிக்கிணற்றைக் காக்கும் ஒற்றை ஆள் இஞ்ஞாசி.

"மைதீன் அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

மூன்றாம் அடுக்கைக் கவனிக்கும் மைதீன் எட்டிப் பார்த்தார். "பயப்படாத தங்கச்சி. அவரு பேசினதெல்லாம் எந்திரம் நெனச்ச மாதிரியே இருந்திருக்கும். புருசன் பொஞ்சாதி பேச்சுல புதுசா என்ன இருக்கு? என் வீட்டம்மா அடுத்து என்ன திட்டுவான்னு எந்திரம் இல்லாமலே நான் சொல்லிருவேன்."

"அப்படி இல்லன்னா அண்ணே?"

மைதீன் ஒலிவாங்கியைக் காட்டினார்.

அவள் அதை இழுத்தாள். "ஏங்க, உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் பிலோ, இதென்ன கேள்வி?" உடனே பதில்.

நாற்பத்துநான்கு நிமிடம் கழித்து, 'கிடைத்தது' என்று ஒரு குறி வந்தது. அது அங்குள்ள இயந்திரம் போடுவது, மனிதன் அல்ல. அவன் வரிசையில் அதே சைபர். அவன் உயிரோடு இருந்தாலும் இந்தப் பதில்தான். இல்லாவிட்டாலும் இந்தப் பதில்தான்.

தன் வரிசையைத் திறந்தாள். அந்தக் கேள்வியைத் தவிர அதுவும் சைபர். அவள் பேசியதெல்லாமும் ஊகித்ததாகவே இருந்ததால், நாற்பது நாளாக அவளும் அவனுக்கு ஒரு சொல்லும் அனுப்பியிருக்கவில்லை. மாதாவை நினைத்துக்கொண்டாள்.

பத்து வயதில் சுருதி சேரவில்லை என்று கோயில் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தப்பட்டவள் அவள். அதன்பின் யார் முன்னாலும் பாடியதில்லை. கட்டியவன் முன்னால்கூட இல்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாதா பாட்டைப் பாடினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்கள் கிளம்பிப் போயின.

"அருமை பிலோ! குயில்தான் போ!" என்றது உடனே இஞ்ஞாசியின் குரல். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மைதீனின் வேலை நேரம் முடிந்திருந்தது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு டம்ளர் தேநீர் வாங்கிவந்து, ஒன்றை அவள் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். அவர் உதடுகள் பிரார்த்தனையில் மெல்ல அசைந்தன.

நாற்பத்துநான்கு நிமிடம் ஆயிற்று. தேநீரில் ஆடை படிந்தது. ஐம்பது. ஐம்பத்தொன்றாம் நிமிடம் அவன் வரிசையில் சைபர் ஒன்றானது. பிறகு ஏழு. பிறகு முப்பது.

"ஏட்டி, நிறுத்துட்டி! கிணத்துப் பனியெல்லாம் விரிசல் விட்டுரும் போலயே!" அந்தக் குரல் உடைந்தது. "ஏழு நிமிசம் எனக்குப் பேச்சே வரல பிலோ. நானும் உங்கிட்டப் புதுசா ஏதாவது சொல்லணும்னு தேடித் தேடிப் பார்த்தேன். இங்க புழுதியத் தவிர ஒண்ணுமில்ல... இன்னொரு தரம் பாடு."

"ஆளு உசுரோட இருக்காருல்லா!" என்று மைதீன் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

மறுநாள் காலை அவள் மீண்டும் பாடினாள். சென்ற பொட்டலம்: சைபர். எட்டாம் அடுக்கு அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டிருந்தது, அவள் சுருதி பிசகும் இடம் உட்பட.

அன்றிலிருந்து பிலோமினா, எந்திரம் ஊகிக்காத எதையாவது அவனுக்குச் சொல்லக் கிடைக்குமா என்று பார்த்தபடி வேலைக்கு மெல்ல நடந்து போகிறாள். ஒருநாள் வழியில், மாதாவின் குகைக்கோயிலான கெபியின் படியில் ஒரு ஆடு ஏறி நின்று, யாரோ வைத்துப்போன மெழுகுவத்தியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவள் நின்று, அது கடைசித் துண்டை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.